நான்காம் வேற்றுமை

வாய் திறந்தே இருக்கிறது; மூடிவிடலாம் என்று கையை நீட்டி, நீட்டிய கையைப் பாதியில் நிறுத்திக்கொள்கிறேன், ஏனெனில் ஒருவரின் வாயை மூடிவிடுவது வேறொரு வேளைக்குரிய செயல், இப்போது செய்யலாகாது. பிரமு உறங்குகிறாள், அவ்வளவுதான். உறக்கம் என்றுதான் இங்குள்ளவர்கள் சொல்கிறார்கள், ஆனால் இத்தனை ஆண்டுகள் அவளருகில் படுத்தவனுக்குத் தெரியும், என் மனைவியின் உறக்கம் இப்படியிராது. ஒருக்களித்து, வலக்கையைக் கன்னத்துக்கு அடியில் கொடுத்து, ஒரு பாதத்தை மட்டும் போர்வைக்கு வெளியே விட்டு, பாதியில் எழுந்துபோக வேலை இருப்பவளைப் போல உறங்குவாள். இது மல்லாந்த உறக்கம், பிறர் கிடத்தியது. உதடுகள் வெடித்து வெண்தோல் உரிந்திருக்கிறது, நாக்கு மாங்கொட்டையைப் போலக் காய்ந்து கிடக்கிறது, தேநீர் ஆடை கட்டிவிட்டது, சன்னலுக்கு அப்பால் மேற்குமலை இன்னும் வெயிலில் நிற்கிறது, அந்தி மாத்திரை வண்டி வர நேரமிருக்கிறது, அதற்குள் விழிப்பாளா, விழித்தால் என்னை இன்னாரென்று அறிவாளா. முதியோர் இல்லத்தின் முன்கட்டில் எனக்கு ஓர் அறை. மழைக்காலம் வரை அவளும் அங்கேதான் என்னோடு இருந்தாள். இரவில் எழுந்து நடக்கிறாள் என்று பின்கட்டுக்கு மாற்றினார்கள், இடையில் கண்ணாடிக் கதவு, அதற்குப் பூட்டு. இரவில் நடக்கிறாள் என்பதற்காக ஒரு மாத்திரை. அந்த மாத்திரையால் கை நடுங்கிற்று, நடுக்கத்துக்கு இன்னொன்று. அதனால் வாய் வறண்டு வயிறு கல்லாயிற்று, வயிற்றுக்கு ஒரு மருந்து. வயிறு கல்லானதால் இருப்புக் கொள்ளாமல் எழுந்தாள், எழுந்ததால் முதல் மாத்திரையைக் கூட்டினார்கள். சங்கிலிக் கதை என்று, நாட்டார் கதைகளைச் சேகரிக்கும் நாங்கள் ஒரு வகை பிரித்துவைத்திருந்தோம், குழந்தைகளுக்குச் சொல்வது, ஆடு ஏன் மேயவில்லை, புல் முளைக்கவில்லை, புல் ஏன் முளைக்கவில்லை, மழை பெய்யவில்லை என்று ஒன்றின் வாலை ஒன்று பிடித்துப் போகும். அதில் எந்தப் பாடத்தை எடுத்தாலும், எவர் சொல்லக் கேட்டாலும், கடைசியில் யாராவது ஒருவர் முதற்கண்ணிக்குத் திரும்பிப் போவார், அதை அவிழ்ப்பார், மழை பெய்யும், புல் முளைக்கும், ஆடு மேயும். திரும்பிப் போகாத பாடம் ஒன்றைக்கூட நான் பதிவு செய்ததில்லை. இங்கே ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பதிவு செய்வது என் தொழில். ஒரே கதை, ஒரே பாட்டு, ஊருக்கு ஊர் வாய்க்கு வாய் எப்படி மாறுகிறது, எந்த இடத்தில் ஒரு சொல் நழுவி வேறொரு சொல் வந்து உட்கார்கிறது என்று காது கொடுத்தே கழித்தேன். மாணவர்களிடம் ஓயாமல் சொன்னது இது: கேட்டதை எழுது, புரிந்ததை எழுதாதே, சொன்னவர் வாயிலிருந்து கேள், சொன்னார் என்று சொன்னவரிடம் கேட்காதே. பிரமு அடுக்களையிலிருந்தே சிரிப்பாள். "ஊர்ல உள்ள கெழவிய முக்குனா மொனங்குனா பொட்டிக்குள்ள புடிச்சு வைக்கிய, பொண்டாட்டி ஒரு வார்த்த சொன்னா மட்டும் 'என்னது'ங்கிய. நானும் ஒரு மைக்கு வாங்கிப் போட்டுக்கிடணும்போல." அவள் தேரிக்காட்டுப் பெண், சாத்தான்குளத்துக்குத் தெற்கே செம்மண் மேட்டில் பிறந்தவள். அவள் பேச்சை நான் ஒருநாளும் பதிவு செய்யவில்லை, நாளும் கேட்கும் குரலுக்கு நாடா எதற்கு என்று இருந்துவிட்டேன். இப்போது அவள் பேச்சு எனக்குப் பிறர் வாய்வழியாக வருகிறது. பின்கட்டின் பகல்நேரத் தாதி மேகலா, கோபிச்செட்டிபாளையத்துப் பெண், நல்ல பெண், நகக்கண்ணில் கூட அழுக்கிராது, சற்றுமுன் தேநீரை வைக்கும்போதும் சொன்னாள்: "இன்னைக்கும் அதே பாட்டுத்தானுங்க சார். வெளிய போகோணும், வெளிய போகோணும்னு ஒரே அடம். கதவப் புடிச்சு உலுக்கறாங்க. கீழ கீது உழுந்துட்டா நாங்கதானுங்களே பதில் சொல்லோணும்." அதற்குத்தான் அந்தியில் ஒரு மாத்திரை, வழக்கமானவற்றுக்கு மேல், தேவைப்பட்டால் மட்டும். எஸ்.ஓ.எஸ். என்கிறார்கள். அவள் அந்தப் பேச்சை எடுத்தால் தேவைப்பட்டது என்று பொருள். வெளியே போகவேண்டும் என்கிறாளா, எங்கே போகவேண்டுமாம் என்று கேட்பேன், "வீட்டுக்குத்தானுங்க இருக்கும்" என்பாள் மேகலா, நானும் தலையசைப்பேன், விற்றுவிட்ட வீட்டை எண்ணிக்கொள்வேன், அதன் பின்வாசல் கொடியில் ஆடும் அவள் சேலையை, வீட்டைத் தேடுகிறாள் பாவம் என்ற நினைப்போடு முன்கட்டுக்குத் திரும்பிப் போய் உண்ணாமல் படுப்பேன். ஒரே ஒருமுறை, மாத்திரை கடையிலிருந்து வந்து சேராத ஒரு நாளின் மறுகாலையில், நான் உள்ளே நுழைந்ததும் அவள் தலையைத் தூக்கி, "காப்பி குடிச்சியளா" என்றாள். வேறொன்றுமில்லை. அந்த மூன்றாவது மாத்திரைக்கோ நான்காவது மாத்திரைக்கோ அடியில் அவள் இருக்கிறாள். கிணற்றில் விழுந்த வாளி தரையில் கிடக்கிறது, மேலிருந்து பார்த்தால் அதன் கைப்பிடி ஒரு கணம் மின்னும், அவ்வளவில். அந்தக் கேள்வியை இன்னொரு முறை கேட்டுவிட்டால் போதும், இன்று ஓர் அந்திமாத்திரையைத் தடுத்துவிட்டால் நாளைக் காலை கேட்கக்கூடும்.

கால் அசைகிறது. இடது பாதம், போர்வைக்குள், தேடுகிறது. இமை பாதி திறந்து வெள்ளை தெரிகிறது, பிறகு கருவிழி மெல்ல இறங்கி வருகிறது, என்னைக் கடந்து போகிறது, சுவரில் நிற்கிறது. பிரமு என்கிறேன். ஏட்டி பிரமு. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு பிரியும் சத்தம் கேட்கிறது, நனைந்த துணியைக் கல்லிலிருந்து உரிப்பதைப் போல. ஒரு மிடறு தேநீரைக் கரண்டியில் ஊட்டுகிறேன், பாதி கழுத்துக்கு வழிகிறது. முகம் சுளிகிறது, கை போர்வைக்கு மேலேயே அடிவயிற்றை அழுத்துகிறது. "வெளிக்குப் போவணும்" என்கிறாள். சரி சரி என்று என் வாய் சொல்லிவிட்டது, வழக்கமான சரி, வீடு, கொடி, சேலை என்று மனம் தன் பழைய தடத்தில் இரண்டடி வைத்துவிட்டது, அதன்பிறகே காது எழுந்து நின்றது. என்ன சொன்னாள். வெளியே என்று சொல்லவில்லை. வெளிக்கு. "வெளிக்குப் போவணும்லா" என்கிறாள் மறுபடி, இப்போது அழுகையின் ஓரம் சேர்ந்திருக்கிறது. வெளியே என்பது இடம். வெளிக்கு என்பது அப்படியன்று. நான்காம் வேற்றுமை, குவ்வுருபு, பொருட்டு என்னும் பொருள், அவள் ஊரில் எந்தப் பெண்ணும் வாய்விட்டுச் சொல்லத் தயங்கும் ஒன்றுக்கு அந்த உருபை முக்காடாகப் போட்டு வைத்திருந்தார்கள். வெளிக்குப் போதல், வெளிக்கு இருத்தல். வீட்டையோ ஊரையோ என்னையோ அவள் தேடவில்லை. கல்லாகிப்போன வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கழிப்பறைக்குக் கூட்டிப்போங்கள் என்று, தனக்குத் தெரிந்த மிகவும் நாகரிகமான சொல்லால், ஒவ்வோர் அந்தியிலும் கேட்டிருக்கிறாள், ஒவ்வொரு முறை கேட்டதற்கும் ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், அந்த மாத்திரை வயிற்றை இன்னும் கல்லாக்கியிருக்கிறது, இன்னும் கேட்டிருக்கிறாள். மேகலாவுக்கு வெளி என்றால் வெளியேதான். அவள் பிறந்தபோதே வீட்டோடு கழிப்பறை வந்துவிட்டது, அந்தச் சொல் அவளுக்குத் தேவைப்படவேயில்லை. அது குற்றமன்று. வாய்மாறும்போது சொல் இப்படித்தான் நழுவும், தெரியாத சொல் நழுவித் தெரிந்த சொல் வந்து உட்காரும், இதை நான் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன், பரிசு வாங்கியிருக்கிறேன்.

எழும்போது நாற்காலி சாய்ந்து விழுகிறது. "என்னுங்க சார் ஆச்சு" என்று மேகலா ஓடிவருகிறாள். அம்மா, அவ வெளியே போகணும்னு சொல்லலம்மா, வெளிக்குப் போகணும்னு சொல்லுதா, என்கிறேன். அவள் என்னைப் பார்க்கிறாள், பிறகு கட்டிலைப் பார்க்கிறாள், எங்கள் இருவரில் யாருக்கு மாத்திரை தேவை என்று யோசிப்பவளைப் போல. "ரெண்டும் ஒண்ணுதானுங்களே சார்?" இல்லை, கழிப்பறைக்கு, அவ ஊர் வழக்கில அப்படி. "அட, பாத்ரூமுக்கா! அதுக்குத்தான் டயப்பர் போட்டு உட்ருக்குதுங்களே. அதுலயே போயிக்கலாமுங்க, நாங்க மாத்தி உட்றமுங்க. அதச் சொன்னா பாட்டி கேக்கறதில்லீங்க, இறுக்கிப் புடிச்சுக்கறாங்க." இறுக்கிப் பிடித்துக்கொள்கிறாள். ஆம், பிடித்துக்கொள்வாள். படுத்த படுக்கையில், துணிக்குள், பிறர் பார்க்க, எப்படிப் போவாள், உடல் ஒப்பினாலும் பிறந்த ஊர் ஒப்பவேண்டுமே. டாக்டரிடம் பேசவேண்டும் என்கிறேன், என் குரல் உயர்ந்துவிட்டதை கூடத்தின் எதிர்க்கட்டிலில் இருக்கும் அம்மாள் திரும்பிப் பார்த்ததால் அறிகிறேன், தாழ்த்திக்கொள்கிறேன், இந்தப் பின்கட்டில் குரல் உயர்ந்தால் அதற்கும் மருந்துண்டு. மேகலா தன் கைபேசியில் அழைத்து என் காதருகே பிடிக்கிறாள். வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார் போலும், ஹாரன் சத்தம். "சார், வணக்கம். ரெகுலர் டோஸ சடனா நிறுத்த முடியாது சார், அது ஆபத்து. நான் வாரக் கடைசியில ரவுண்ட்ஸ் வரும்போது பாத்து ஒண்ணொண்ணாக் குறைக்கலாம். அந்த எஸ்.ஓ.எஸ். வேணா இன்னைக்குக் குடுக்க வேண்டாம், அமைதியா இருந்தாங்கன்னா." நியாயமாகத்தான் பேசுகிறார். அமைதியா இருந்தாங்கன்னா. மேகலா முகம் மலர்ந்து, "கேட்டுட்டனுங்க சார். எனக்கு டூட்டி முடியுதுங்க, ஸ்டெல்லா சிஸ்டர் வருவாங்க, அவங்ககிட்ட மறக்காம சொல்லிட்டுத்தான் போவேன்" என்கிறாள். சொல்லிவிடுவாள், பொய் சொல்லமாட்டாள். என்ன சொல்லவேண்டும் தெரியுமாம்மா, வெளிக்கு, க்கு, என்கிறேன். "செரிங்க சார், க்கு" என்று சிரிக்கிறாள், நானும் சிரிக்கவேண்டியிருக்கிறது. போகுமுன் அவளே பிரமுவின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, டயப்பரைக் கழற்றி, கூடத்துக் கோடியிலுள்ள கழிப்பறையில் அமர்த்திவிட்டு, "கம்பியப் புடிச்சுக்கங்க பாட்டி, சார் இங்கேயேதான் நிக்கறாங்க" என்று கதவைச் சாத்தாமல் சேர்த்துவைத்துவிட்டுப் போனாள்.

கதவுக்கு இப்புறம் சுவரைப் பார்த்து நிற்கிறேன். ஃபினாயில் மணம், அதனடியில் பவுடர் மணம். உள்ளே ஒன்றும் கேட்கவில்லை, மூச்சு மட்டும், இழுத்து, நிறுத்தி, விட்டு. விழுந்துவிடுவாளோ, எட்டிப் பார்க்கலாமா, கூடாது, விழுந்தால் என் பொறுப்பு, எட்டிப் பார்த்தால் அவள் நாணிச் சுருங்கிவிடுவாள். மலைவிளிம்பில் வெயில் சிவந்துவிட்டது, தேரிமண்ணின் நிறம். அவள் ஊருக்கு மாப்பிள்ளையாகப் போன புதிதில் அந்தி மயங்கும்போது பெண்கள் இருவர் மூவராகச் சேர்ந்து உடைமரக் காட்டுப் பக்கம் போவதைப் பார்த்திருக்கிறேன், செம்பு ஒரு கையில், பேச்சு ஓயாமல், நான் தலையைக் குனிந்துகொள்வேன். அங்கே அவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. தாலாட்டும் நடவுப்பாட்டும் மாரடிப்பாட்டும் அந்தப் பெண்களிடமிருந்தே வாங்கினேன், இதை மட்டும் எந்த ஆணிடமும் எவளும் சொல்லியிருக்கமாட்டாள். "ஏட்டி" என்கிறது உள்ளிருந்து ஒரு குரல். பிரமுவின் குரல்தான், ஆனால் நான் மணந்ததற்கு முந்தைய குரல், மெல்லிய, கூர்மையான, சிரிப்பை அடக்கிய குரல். "ஏட்டி செல்லக்கனி. ஆள் வருதா?" செல்லக்கனி, பிரமுவின் ஊரில் பக்கத்துவீட்டுப் பெண், எங்கள் திருமணத்தன்று அவளுக்குப் பூவைத்துவிட்டவள், இறந்து எத்தனையோ காலம். உள்ளே ஒருத்தி உடைமரத்தின் பின்னால் இருக்கிறாள், வெளியே ஒருத்தி பாதையைப் பார்த்து நிற்கிறாள். இது ஒரு கேள்வி, இதற்கு ஒரு விடை உண்டு, ஊருக்கு ஊர் ஒரு விடை இருந்திருக்கும், இத்தனை ஆயிரம் பாடங்களை வகைப்படுத்தி வைத்திருப்பவனிடம் அது ஒன்றுமட்டும் இல்லை. "ஏட்டி, இருக்கியா? ஆள் வருதான்னேன்." குரலில் அச்சம் ஏறுகிறது, விடை வராவிட்டால் எழுந்துவிடுவாள், எழுந்தால் மறுபடி இறுகிவிடும். தொண்டையைச் செருமி, என்னால் இயன்றவரை மெலிதாக்கி, "ஒரு ஆளும் வரல. நீ இரு" என்கிறேன். உள்ளே மூச்சு தளர்கிறது. பிறகு மெல்ல முனகல், வலி, நெடிய வலி, சுவரில் நகம் உரசும் ஓசை, "ஆள் வருதா," "வரல, நீ இரு," மறுபடி "ஆள் வருதா," "நீ இருட்டி, நான் நிக்கம்லா," அதற்கும் பிறகு, கல்லுக்குப் பின்னால் நின்ற நீர் ஒரு வழியாகக் கல்லைத் தள்ளிக்கொண்டு போவதைப் போல, அவள் அழுதாள். அது துயரமன்று. அப்படியொரு ஆறுதலான அழுகையை நான் எங்கும் பதிவு செய்ததில்லை.

கழுவித் துடைத்துக் கைத்தாங்கலாக அழைத்துவந்து கட்டிலில் உட்காரவைக்கிறேன். முகத்தில் வியர்வை, வியர்வைக்கு அடியில் நிறம் திரும்பியிருக்கிறது. என் சட்டைப் பொத்தானைப் பார்க்கிறாள், அதிலிருந்து மேலேறி மோவாயைப் பார்க்கிறாள், கண்ணுக்கு வருகிறாள். வந்துவிட்டாள். மாத்திரைக்கு அடியிலிருந்து மேலேறி வந்து என் கண்ணில் நிற்கிறாள். "நீங்களா" என்கிறாள். நான்தான். உடனே அந்த முகம் சுருங்குகிறது; வலக்கை மேலெழுந்து மார்பருகே எதையோ தேடித் துழாவுகிறது, முந்தானையை, நைட்டிக்கு முந்தானை ஏது, வெறுங்கையாலேயே முகத்தை மூடிக்கொள்கிறாள். விரல்களுக்கிடையிலிருந்து கேட்கிறாள்: "கேட்டுக்கிட்டா நின்னிய?" வாழ்நாளெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றவனிடம் கேட்கிறாள். "இல்லட்டி. எனக்குத்தான் காது மந்தம்லா. ஒண்ணும் கேக்கல." விரல் விலகுகிறது. "பொய்யி" என்கிறாள். உதட்டோரம் ஒரு துளி, அந்தப் பழைய அடுக்களைச் சிரிப்பு. "யாருகிட்டயும் சொல்லிறாதிய, என்னா." சொல்லமாட்டேன். "பொஸ்தகத்துல எழுதிறாதிய." மாட்டேன். "காப்பி" என்று தொடங்குகிறாள், தொடங்கும்போது நடையில் வண்டிச் சக்கரம் கேட்கிறது.

ஸ்டெல்லா சிஸ்டர் மூத்தவள், கண்ணாடி, இதமான முகம். "வணக்கம் சார். மேகலா எல்லாம் சொல்லிட்டுத்தான் போனா. இன்னைக்கும் பாட்டி வெளிய போகணும்னு கேட்டாங்களாம், நீங்களும் ரொம்ப அப்செட் ஆயிட்டீங்களாம், டாக்டர் வரைக்கும் பேசினீங்களாம்." மேகலா மறக்காமல் சொல்லியிருக்கிறாள். வாய் மாறிவிட்டது, உருபு வழியில் விழுந்துவிட்டது. வழக்கமான மாத்திரைகள் ஒரு சிறு கிண்ணத்தில், அவற்றோடு அந்த வெண்மாத்திரை. இல்லம்மா, டாக்டர் அது வேண்டாம்னு, என்று தொடங்குகிறேன். "அமைதியா இருந்தா வேண்டாம்னாரு சார். கேட்டிருக்காங்களே. அழுத சத்தம் எனக்கே நடை வரைக்கும் கேட்டுதே." அது அந்த அழுகை இல்லை. அப்படியானால் எந்த அழுகை என்று சொல்லவேண்டும். சொல்ல எழும் என் மணிக்கட்டைப் பிரமுவின் விரல்கள் பற்றுகின்றன, வலுவில்லாத, நடுங்கும், ஆனால் தெளிவாகத் தெரிந்து பற்றும் விரல்கள். யாருகிட்டயும் சொல்லிறாதிய. அவள் என்னைப் பார்க்கிறாள், நான் அவளைப் பார்க்கிறேன், இந்தப் பார்வைக்காகத்தான் மழைக்காலத்திலிருந்து காத்திருந்தேன், இது நீடிக்கவேண்டுமானால் இதை நான் முறிக்கவேண்டும். ஒரு மூச்சளவு தயங்கினேன். ஒரு மூச்சுத்தான். "வாயத் திறங்க பாட்டி, சமத்து" என்றாள் ஸ்டெல்லா, மருந்துக்குப் பழகிய வாய் திறந்தது, தண்ணீர், கழுத்துக்குழி ஏறி இறங்கிற்று. "அவ வெளிக்குப் போனாம்மா!" என்று அப்போது கத்துகிறேன், கூடமெல்லாம் கேட்கும்படி, "கக்கூசுக்கும்மா, அதத்தான் இத்தன நாளும் கேட்டிருக்கா, போயிட்டா, அந்த அழுகதான் அது!" எதிர்க்கட்டில் அம்மாள் புடைவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொள்கிறாள். ஸ்டெல்லாவின் கை கிண்ணத்தோடு நின்றுவிட்டது. "ஐயோ, இதைச் சொல்லலியே சார் அவ," என்றாள் உண்மையான வருத்தத்தோடு, "போட்டுட்டேனே. நாளைக்கு எல்லாருக்கும் சொல்லி வெக்கிறேன் சார்." வண்டி அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தது.

என் மணிக்கட்டில் விரல்கள் இல்லை. பிரமு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள், தானாகவே, ஒருக்களித்து, வலக்கையைக் கன்னத்துக்கு அடியில் கொடுத்து, இதுதான் அவள் உறக்கம், ஆனால் உறங்கவில்லை, பின்கழுத்து விறைத்திருக்கிறது, நாணத்தால் விறைத்த கழுத்து, எனக்கு நன்றாகத் தெரிந்த கழுத்து. பிரமு என்கிறேன். சுவரோடு இன்னும் ஒட்டிக்கொள்கிறாள். கோபமாவது இருக்கட்டும், கோபிப்பவள் இருக்கிறாள் என்றுதானே பொருள், இந்தக் கோபத்தோடு நாளைக் காலை என்னைத் திட்டினால் போதும். நான்காம் வேற்றுமைக்குக் கொடையும் பொருள், பகையும் பொருள் என்று பாடம் நடத்தியிருக்கிறேன். அவளுக்கு மாத்திரையைக் கொடுத்தார்கள், தயங்கி நின்ற நானும் சேர்ந்து அவளுக்குக் கொடுத்தோம், கொடைக்கும் பகைக்கும் ஒரே உருபு. மலை கறுத்துவிட்டது. யாரோ விளக்கைப் போட்டார்கள். பார்த்துக்கொண்டே இருக்கிறேன், கழுத்தின் விறைப்பு நரம்பு நரம்பாகத் தளர்கிறது, தோள் இறங்குகிறது, கன்னத்தடியிலிருந்து கை நழுவுகிறது, உடல் மெல்ல மல்லாந்து திரும்புகிறது, நாணமும் போகிறது, என்மேல் இருந்த கோபமும் போகிறது, அவள் நினைவிலிருந்து நானும் போகிறேன், வாளி கீழே கீழே இறங்குகிறது, உதடு அசைகிறது, குனிந்து காதை வைக்கிறேன், இப்போதாவது அவள் வாயிலிருந்தே.

"ஏட்டி செல்லக்கனி. ஆள் வருதா?"

ஒரு ஆளும் வரல. நீ இரு.